பதினாறு நொடி

தக்கலையில், திருவிழா மேடையின் இடைவேளையில்,
வேன்காரர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"டீசல் காசு வராம வண்டி அனங்காது."
டிரம்ஸை ஒயர் சுற்ற வந்த ரெஜினிடம் விட்டுவிட்டு
கமிட்டிச் செயலாளரைத் தேடிப் போனேன்.
சமையல் பந்தலில் கை கழுவிக்கொண்டிருந்தார்.
முக்கால் மணிநேரம் பேசி
ஐந்நூறு குறைவாக வாங்கித் திரும்பினால்
கூட்டம் எழுந்து நிற்கிறது.
ரெஜின் என்னைவிட நன்றாக அடிக்கிறான்.
ஸ்நேரை மட்டும் சற்று அவசரப்படுத்துகிறான்,
அதுகூட நன்றாகத்தான் இருக்கிறது.

ராக் குழுவிலிருந்து யாரும் என்னை நீக்கவில்லை.
திரும்ப உட்காரச் சொல்லவும் இல்லை.
பேஸ் கிட்டார் கிளீட்டஸ் சொன்னான்:
"நீ காசு வாங்கினியே, அதாண்டே இன்னைக்கு சோலோ."

பிறகு ஒன்பது வருஷம்
கையில் குச்சி இல்லை, இரண்டு போன்.
ஜெனரேட்டர், முன்பணம், மழைக்குத் தார்ப்பாய்,
தொண்டை கட்டிய பாடகிக்கு மிளகுப்பால்,
பத்து மணி தாண்டியதும் மணவாளக்குறிச்சிப் போலீஸ்.
கிளீட்டஸ் கத்தாருக்குப் போனான். ரெஜின் சென்னைக்கு.
கடைசியில் நிர்வகிக்க என்னைத் தவிர ஆளில்லை.

இப்போது கடற்கரை வானொலி, அதிகாலை நாலரை.
அலை உயரம், காற்று, சாளை விலை,
நடுவில் ஒரு பாட்டு.
வாசிக்கும்போது விரல் மேசையில் தட்டும்.
"உங்க அறையில எலி உண்டா சார்?"
குறும்பனையிலிருந்து ஒருவர் கேட்டார்.
மேசையில் துவாலை விரித்தேன்.

மே மாதம் ஒரு செவ்வாய். காற்றில்லை.
வந்த தாளில்: கள்ளக்கடல்.
உயரம் சும்மா ஒன்றரை மீட்டர்,
இடைவெளி பதினாறு நொடி.
ஒன்றரை என்றால் கொட்டாவி விடுவார்கள்.
பதினாறு நொடிக்கு ஒரு அடி.
குச்சியை எவ்வளவு உயரம் தூக்கினால்
அந்த அடி விழும் என்று
தோளுக்குத் தெரியும்.

"ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் இவ்வளவு நேரம்" என்றேன்.
மைக்கைத் திறந்தே வைத்து
வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்து நொடிக்கு மேல் மௌனம் கூடாது, நிலைய விதி.
எட்டில் கண்ணாடிக்கு அப்புறம் ஜெனிலா எழுந்தாள்.
பதினொன்றில் கதவைத் திறந்தாள்.
பதினாலு.
பதினைந்து.

"வந்துட்டு."

விளக்கம் கேட்டுக் கடிதம் தந்தார்கள்.
மறுநாள் கொட்டில்பாட்டிலிருந்து ஒரு அம்மா பேசினார்:
"ரேடியோ செத்துப்போச்சுன்னு
நாலு தட்டு தட்டினேன் மக்களே.
பொறவுதான் வெளிய பாத்தேன்.
வள்ளத்த ரோட்டுக்கு இழுத்தாச்சு."

நாலு தட்டு.
எந்த வேகத்தில் என்று கேட்பதற்குள்
அடுத்த நேயர் வந்துவிட்டார்.