வான் கணக்கு

சீனன்குடாச் சந்தி தாண்டும்போதே
பின் சீற்றிலிருந்து கேட்டான்:
"அங்கிள், எயார்போட் போர்ட் இங்கதானே கிடக்கு,
ஏன் நிப்பாட்டேல்லை?"

அபிநயனுக்கு வயது பத்து.
தாயின் போனை மடியில் வைத்துக்கொண்டு
திருகோணமலை என்று அடித்து, டோஹா என்று அடித்து
நீலக் கோடொன்றை வாங்கியிருந்தான்.
மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்.
நாலே முக்கால் மணித்தியாலம்.
மன்னாருக்கு மேலால், கேரளாவுக்கு மேலால்,
வளைவு இல்லை, செக்பொயின்ற் இல்லை, யானை இல்லை.

அந்தப் பிளேன் ஓடுறதில்லை, மகன்.
ஓடாத பிளேனுக்கும் போன் நேரம் சொல்லும்.

யோகவதனி வாய் திறக்கவில்லை.
கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்,
கந்தளாய் வரைக்கும் பதினேழு தரம்.
எண்ணினேன். ஓட்டுகிறவனுக்கு
எண்ணாமல் இருக்கத் தெரியாது.

என்னுடைய கணக்கு இதுதான்:
உப்புவெளியிலிருந்து கட்டுநாயக்க இருநூற்றைம்பது.
போக ஒரு காசு, வர அதே காசு.
திரும்பும்போது ஓராள் குறைவென்று
டீசல் குறைவதில்லை.
பதினொரு வருசமாக ஆட்களை வானுக்கு அனுப்புகிறேன்,
வானில் ஏற்றித்தான்.
நான் ஏறிய வான் இது ஒன்றுதான்.

உள்ளே போனவள் கண்ணாடிக்கு அப்பால் திரும்பிப் பார்த்ததாகப்
பெடியன் சொல்கிறான்.
தகப்பன் தர்மகுலன் இல்லை என்கிறார்.
எட்டரைக்கு நீர்கொழும்புப் பக்கம் ஒரு வெளிச்சம் ஏறிப் போனது.
அதுதான் என்றோம்.
வேறொன்றாகவும் இருக்கலாம்.

குருநாகலில் பிளேன்ரீ குடித்தோம்.
பெயரை வைத்து ஒரு பகிடி விட்டேன்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஹபரண கழிந்து காடு தொடங்குமிடத்தில்
றோட்டுக்கு நடுவே ஒற்றை யானை.
லைற்றை அணைத்தேன். பிறகு எஞ்சினையும்.
காது அசைவது இருட்டுக்குள் இருட்டாகத் தெரிந்தது.
மணி ஒன்றரை.
தர்மகுலனின் சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது.
எயார்போட் வைஃபையில் அவள் குரல்
விட்டு விட்டு வந்தது:
"இறங்கீட்டன். இங்க பதினொரு மணி."
"இரவோ?"
"ஓம், இரவுதான். சாப்பிட்டீங்களா?"

பெடியன் விரல் மடித்துப் பார்த்தான்.
"அப்ப அம்மா இன்னும் நேத்திலயா நிக்கிறா?"

தகப்பன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
கடலைத் தாண்டியவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.
கூட்டிப்போய் விட்டுவந்த எங்களுக்கு
வீடு இன்னும் எழுபத்தைந்து.

தகப்பனின் போனை வாங்கி அவன் அடித்தான்:
இங்கிருந்து உப்புவெளி, விமானத்தில்.
அருகில் விமான நிலையம் எதுவும் இல்லை
என்று வந்தது.
"இன்னும் எவ்வளவு நேரம் அங்கிள்?"

யானையிடம் கேட்க வேண்டிய கேள்வி.
அது ஓரத்துப் பாலைக் கிளையொன்றை முறித்து
இலை இலையாக
ஆறுதலாய்த் தின்னத் தொடங்கியது.