பென்சில் வைக்கக் கூடாத இடம்

இடது காதுக்கு முன்னால் ஒரு விரல்.
அழுத்தக் கூடாது, சும்மா தொடணும்.
துடிக்கிறது.

தலைத்தோலுக்கு ஓடிக்கொண்டிருந்த குழாயைப் பிரித்து
மண்டையில் ரூபாய் அகலம் ஓட்டை போட்டு
மூளைக்குள் தைத்திருக்கிறார்கள்.
கழுத்தில் பெரிய குழாய் அடைத்து எத்தனை மாசமோ.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடந்தால்
சந்துபொந்தில் புகுந்து போவோமே, அதுதான் என்றேன்.
கன்னியப்பன் சிரித்தார்,
வலது உதடு கொஞ்சம் லேட்டாக.

அஞ்சாம் நாள் ராத்திரி புது ரத்தம் எகிறிப் பாய்ந்து
என்னைப் பார்த்து வஞ்சிரம் என்றார்.
தண்ணி கேட்டதும் வஞ்சிரம்தான்.
நர்ஸம்மா விடிய விடிய பிரஷரை இறக்கிக்கொண்டே இருந்தாள்:
"காஞ்சுபோன டியூபுல மோட்டாரைப் போட்டா என்னாகும்? அதான்."

மூணாம் மாசம் ரெண்டு படம்.
ஒன்று ரத்தம் போகிற படம். எல்லாம் மஞ்சள், சிவப்பு.
இன்னொன்று, மூளை சர்க்கரையை எரிக்கிற படம்.
அதில் இடது பக்கம் ஒரு திட்டு இன்னும் நீலம்.

ரத்தம்தான் போகுதே டாக்டர்?

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்கு எங்கள் தெரு ஞாபகம்.
விடிகாலை மூணு மணிக்கு மெட்ரோ வாட்டர் வரும்.
குழாய் கொட்டும், சில வாசலில் குடமே இருக்காது.
தூங்குகிறார்களா,
வீட்டைக் காலி பண்ணிவிட்டார்களா,
தண்ணிக்கு எப்படித் தெரியும்?
அதைத்தான் கேட்டேன்.
"தூங்குறவங்க எழுந்துப்பாங்கம்மா" என்றார்.
மிச்சத்தை அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.

இன்றைக்குக் காசிமேடு.
இருபத்தேழு வருசம் ஏலம் கூவின இடத்தில்
ஓரமாக, பார்க்க மட்டும், என்று கூட்டிவந்தேன்.
கண்ணாடியின் இடது காம்பை நறுக்கி நூல் கட்டியிருக்கிறது.
ஐஸ் தண்ணி செருப்புக்குள் ஏறுகிறது.
யாரோ விட்டுப்போன பென்சிலை எடுத்து
கை தானாகக் காதுக்குப் போனது.
பிடுங்கிக்கொண்டேன்.
என்னை முறைத்தார்.
கோபம் மட்டும் எங்கேயும் அடைபடாமல் வந்துவிடுகிறது.

இறால் கூடை. கோதண்டம் கூவுகிறான்:
ஆயிரத்து எட்நூறு, ஆயிரத்துத் தொள்ளாயிரம்...
நிறுத்தினான். இவரைப் பார்த்தான்.
"அடுத்தது நீ சொல்லுண்ணா."

வாய் திறந்தது.
கேரளாக்காரர் செல்போனை இறக்கினார்.
ரெண்டு பூனை, ஒரு லோடு ஆட்டோ, கடல்,
எல்லாம் அதனதன் சத்தத்தில் இருக்க
இவர் உள்ளே ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

பென்சில் என் கையில்.
கோதண்டம் இன்னும் கூடையை இறக்கவில்லை.