அவிடெ

தேங்காய் லோடை திருச்சூரில் இறக்கிவிட்டுக்
காலி வண்டியைத் தத்தமங்கலம் சாலையில் ஓரங்கட்டினேன்.
எங்கே என்று கிளீனர் கேட்டான்.
பல்வலி என்றேன்.

பொள்ளாச்சியில் தோல் டாக்டர் இல்லாமலில்லை.
அங்கே டோக்கன் போடுகிறவள் என் சித்தப்பன் மருமகள்.
சித்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில்
திருமூர்த்தி என்ற பெயரை எழுதிக்கொள்ளவே
இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.
அதிலேயே பாதி குணம்.

வரிசையில் நின்று சொற்களை ஒத்திகை பார்த்தேன்.
பள்ளிக்கூடத்துச் சொல் புத்தகத்தைவிட்டு வெளியே வந்ததில்லை.
லோடுமேன்கள் சொல் வைவதற்கு மட்டும்.
குழந்தைக்குச் சொல்கிற சொல்லை
நாற்பத்தாறு வயதில் எப்படிச் சொல்ல?

உள்ளே இருந்தது பெண் டாக்டர்.
திரும்பிவிடலாம் என்றன கால்கள்.
பின்னால் நின்றவர் ஓர் இருமலால்
என்னை உள்ளே தள்ளினார்.

"எந்தா?"
"அங்கே..." என்றேன்.
"அவிடெ?" என்றார், பஸ் நிற்கும் இடத்தை விசாரிப்பவர் போல.
திரைக்குப் பின்னால் கட்டிலைக் காட்டினார்.
அங்கே. அவிடெ.
இரண்டு பாஷையும் அந்த ஓர் இடத்துக்கு
விரலை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

தொடையிடுக்கில் படை, பதினொரு மாசமாக.
மெடிக்கல் ஷாப் பையன் காகிதத்தில் சுற்றித் தந்த ட்யூப்:
பூசினால் ஒரு வாரம் அடங்கும்,
விட்டால் ஓர் அங்குலம் அகலும்.
பதினான்கு ட்யூப் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.
"தீயைப் பாய் போட்டு மூடியிருக்கீங்க."

விளிம்பில் வரிசையாக வெள்ளைப் பொடிமணிகள்,
கல்யாணத்துக்கு முன்பே என்னை வியர்க்க வைத்தவை.
அதைத்தான் முதலில் கேட்டேன்.
"அதொண்ணும் இல்லை. பலருக்கும் உண்டு. மருந்தே வேண்டா."
இருபத்திரண்டு வருஷப் பயம்
மூன்று வாக்கியத்தில் தீர்ந்தது.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நான் பொருட்படுத்தாததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்:
நுனித்தோலில் நகக்கீறல் போல வெடிப்புகள்.
பின்னுக்கு இழுத்தால் எரியும்,
மூத்திரம் பட்டால் மிளகாய்.
இன்ஜின் சூடு என்று நினைத்திருந்தேன்.
"ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிப்பீங்க?"
"வண்டிக்காரனுக்கு ராத்திரி ஏதுங்க?"
சிரிக்கவில்லை.
விரலில் ஊசி குத்தினார்கள்.
சர்க்கரை, முந்நூற்றுப் பன்னிரண்டு.
எடைமேடையில் ஏற்றிய வண்டிபோல
என் எண்ணை நானே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூச ஒன்று, விழுங்க இரண்டு.
அடுத்த தடவை மனைவியும் வரணும் என்று அடிக்கோடு.
வாசல்வரை வந்துவிட்டேன், முதுகில் குரல்:
"ஆறாத புண்ணு, கட்டி, ரத்தம் எது வந்தாலும் ட்யூப் வாங்கப் போகாதீங்க,
நேரா இங்க வாங்க.
தோலு பின்னால போய் மாட்டிக்கிட்டா
அன்னிக்கே. பாதிராத்திரியானாலும்."
வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும்.
ஆண்கள் எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.
ஒருவர் மட்டும்
"பாதிராத்திரியும் உண்டோ?" என்று
யாரையும் பார்க்காமல் கேட்டார்.

கோபாலபுரம் செக்போஸ்டில் தடுக்கவில்லை.
வீட்டு நிலைப்படியில்தான் நின்றுவிட்டேன்.
ருக்குமணி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.
சொன்னேன். அந்தக் குழந்தைச் சொல்லாலேயே சொன்னேன்.
தோசை கருகும்வரை கேட்டாள்.
"மொட்டை மாடியில தனியாப் பாய் போட்டது
இதுக்குத்தானுங்களா?
திருச்சூர்ல எவளோ இருக்கான்னு
எட்டு மாசமா நாள் எண்ணிக்கிட்டிருந்தேன்."

அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டு போய்
குளியலறை விளக்கைப் போட்டாள்.
சுவரோரம், தண்ணி போகும் ஓட்டையோரம்
எறும்புக்கென்று அவள் சாக்பீஸால் இழுத்த கோடுகள்,
வாரம் ஒன்றாக, ஒன்றின் மேல் ஒன்று.
"இத்தனை எறும்பு எதுக்கு வருதுன்னு
ஒரு நாளாச்சும் யோசிச்சேனா."

கடைசிக் கோட்டைத் தாண்டி
ஓர் எறும்பு வந்துகொண்டிருந்தது.