பொருந்தாததை அடிக்கவும்

மூன்றாம் வகுப்பு நாற்காலி ஒன்று
ஜன்னல் வழியே வெளியே போயிருக்கிறது.
போனில் தலைமையாசிரியை சொன்ன விதம் அப்படி,
நாற்காலியே எழுந்து நடந்துபோன மாதிரி.
யாருக்கும் அடியில்லை, மிஸஸ் கோவெண்டர்,
ஆனாலும் நீங்கள் வரவேண்டும்.

ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில்
டாக்ஸிகள் உரசிக்கொண்டு போகின்றன.
சிவப்பு விளக்கில் நின்று யோசிக்கிறேன்.
சீனி குறைத்தாயிற்று.
டேப்லெட் பீரோ மேல் ஏறியாயிற்று.
அடித்தும் பார்த்தாயிற்று,
ஒரே ஒருமுறை, குளியலறையில்.
அடித்த பிறகு நான்தான் அழுதேன்.
அவன் துண்டு எடுத்துக் கொடுத்தான்.

பிரனோலன் என் வயிற்றில் கிடந்து
முப்பத்தெட்டு வாரம் உதைத்தவன்.
அவன் அக்கா திருஷாவைப்
பதினோரு வாரக் குழந்தையாக
பீனிக்ஸில் ஓர் அலுவலகத்தில்
கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தோம்.
ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே அதட்டல்.
அவள் புத்தகத்துக்கு உறை போடுகிறாள்.
அவன் உறையைக் கிழித்து, புத்தகத்தைக் கிழித்து,
கிழித்ததைக் காட்டவும் வருகிறான்.

சொந்தக்காரர்களின் கணக்கு எனக்கு மனப்பாடம்.
திருஷா பரிசு வாங்கினால்
"பெத்தவ யாரோ, நல்ல இடம் போலிருக்கு."
பிரனோலன் யாரையாவது கடித்தால்
"வளர்ப்பு சரியில்ல."
போன தீபாவளிக்கு
நாத்தனார் சலோஷ்னியோடு சமூசா மடித்தபடி
கேட்டேவிட்டேன்:
ஒருதரம் மாற்றிப் போட்டுப் பாரேன்,
நல்லதெல்லாம் என் வளர்ப்பு,
கெட்டதெல்லாம் உங்கள் ரத்தம்.
மாவுக் கையோடு எழுந்து போனவள்
ஈஸ்டர் வரை பேசவில்லை.

வீம்புக்குச் சொன்னதுதான்.
ஆனால் சகரனுக்கு ஒரு சித்தப்பா உண்டு,
வீட்டில் பெயர் சொல்லாத சித்தப்பா.
சர்க்கரை ஆலையில் மேலாளர் மடியில்
கொதிக்கிற தேநீரைக் கவிழ்த்தவர்.
மிஞ்சிய ஒரே புகைப்படத்தில்
அவருடைய இடது புருவம்
சுழித்துக்கொண்டு மேலே போகும்.
இவனுக்கும் போகும்.
ஆல்பத்தை மூடி அடியில் வைத்தேன்,
புருவம் குற்றமில்லை என்று
எனக்கே சொல்லிக்கொண்டு.

பாதிக்குப் பாதி இருக்கலாம் என்றார் டாக்டர்.
எந்தப் பாதி என்று கேட்டேன்.
சிரித்தார்.
நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

பள்ளி வராந்தா.
பெஞ்சில் அவன், ஷூ லேஸ் அவிழ்ந்து.
எதிரே இடுப்பில் கைவைத்துத் திருஷா,
வகுப்பிலிருந்து யாரிடம் சொல்லிவிட்டு வந்தாளோ.
"எத்தன தரம் சொல்றது உனக்கு?
காதுல என்ன பஞ்சா?"

அவளுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான்.
இங்கிலீஷில் கொஞ்சி
தமிழில் திட்டுகிற வீடு எங்களுடையது.
'எத்தன'யில் ஏறி
'பஞ்சா'வில் உடைகிற குரல்
என்னுடையது,
என் ரத்தம் ஒரு சொட்டும் ஓடாத தொண்டையில்.
இத்தனை வருடத்தில்
அதை வெளியே நின்று கேட்டதில்லை.
கூசியது.

திட்டி முடித்துக் குனிந்து
அவன் லேஸைக் கட்டினாள்.
விழாமலிருக்க அவன்
அவள் தலையைப் பிடித்துக்கொண்டான்.
அது யாரிடமிருந்து வந்தது?
நான் யாருக்கும் லேஸ் கட்டிவிட்டதில்லை,
எனக்குப் பொறுமை கிடையாது,
வெல்க்ரோ ஷூதான் வாங்குவேன்.
இந்த வருடம்தான் அவன் லேஸ் கேட்டான்.

ஏன் எறிந்தாய் என்றேன்.
"கை போச்சும்மா."
யாருடைய கை என்று
நாக்கு நுனிவரை வந்தது.

கண்ணாடிக்குப் பணம் கட்ட ஒரு படிவம்.
கீழே, பெற்றோர் சாய்கோடு பாதுகாவலர்,
பொருந்தாததை அடிக்கவும்.
ஒன்பது வருடமாக
இவனுக்கு ஒன்றை, அவளுக்கு ஒன்றை
அடித்து அடித்துக் கொடுத்தவள்
இன்று இரண்டையும் விட்டுவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.
ஒன்றை அடிக்கணும் மேடம் என்றாள் குமாஸ்தா.

வெளியே என் கார் கூரையில்
ஒரு குரங்குக் குடும்பம்.
குட்டி வைப்பரைப் பிய்த்துக்கொண்டிருக்க
தாய் வேறெங்கோ பார்த்திருந்தது.
பிரனோலன் என் கையை உதறிவிட்டு
அதை நோக்கி ஓடினான்.