ங்

மூஞ்சிக்கல்லில், ரோட்டை ஒட்டின மாடியில் என் அறை.
ஏழு சீசன் பார்த்தாயிற்று.
மே பிறந்தால் ஏரி வரை வண்டி.
ஹாரனில் குழந்தை அழும், ஹாரனில் நாய் குரைக்கும்,
பாதியில் அறுந்த சினிமாப் பாட்டு ஒன்று
ரிவர்ஸ் எடுக்கும்.
நகராட்சிக்கு நான்கு மனு எழுதினேன்.
நான்காவதற்கு மட்டும்
'பெறப்பட்டது' என்று ஒரு முத்திரை.

பிறகு அந்த மார்ச்.
முதல் வாரம், சொல்ல வெட்கம்தான்,
பண்டிகை போலிருந்தது.
ஜன்னலை விரியத் திறந்து
கேரட் நறுக்குகிற சத்தத்தை
நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் இரவு
வலது காதில் ஒரு 'ங்'.
உயிர் சேராத மெய்.
ஃப்ரிட்ஜ் என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன்.
மீட்டர் பெட்டியில் காது வைத்தேன்.
விளக்கணைத்தால் உரத்தது.
எப்போதிலிருந்து, என்று போனில் கேட்டார் டாக்டர்.
தெரியவில்லை.
ஹாரன்களுக்கு அடியில்
ஏழு வருஷமும் குடியிருந்திருக்கலாம்,
வாடகை தராமல்.

மதிகெட்டான் சோலைக்குள் போனால்
வழி மறந்துவிடும் என்பார்கள் இங்கே.
பத்துக்குப் பன்னிரண்டு அறையில்
கதவு எந்தப் பக்கம் என்று நின்றிருக்கிறேன்
விடிகாலை மூன்று மணிக்கு,
கையில் காலித் தம்ளரோடு.

மேலே பிலவேந்திரன் நடப்பார்.
டூரிஸ்ட் வேன், மூன்று தவணை பாக்கி.
பதினோரு எட்டு. திரும்பல். பதினோரு எட்டு.
சண்டை போடத்தான் ஏறினேன்.
பாதிப் படியில் உட்கார்ந்து எண்ணினேன்.
எண்ணும்வரை 'ங்'
கொஞ்சம் தள்ளி நின்றது.

பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று
நாலு நாளைக்கொருமுறை வந்து
வண்டியை உறுமவிட்டுப் போவார்.
மே இரண்டாம் ஞாயிறு அது உறுமவில்லை.
நெற்றியா, முழங்கையா, எது பட்டதோ,
ஹாரன்.
விடாமல் ஹாரன்.
குப்பைத் தொட்டியிலிருந்து தலை தூக்கி
ஒரு காட்டுமாடு பார்த்தது.
எதிர் வரிசையில் விளக்குகள் எரிந்தன.
ஐந்தாவது மனுவின் முதல் வரி
என் வாய்வரை வந்துவிட்டது.
"அண்ணே!" என்றேன். கேட்டிருக்காது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக நிமிர்ந்தவர் மேலே பார்த்தார்.
"ஒயர் ஷார்ட் ஆயிருச்சு மேடம்."
"ஆமா. ஈரம்ல" என்றேன்.

'ங்' இருந்த இடத்தில்
கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.

அன்றிரவும் நடந்தார்.
ஏழு, எட்டு...
ஒன்பது வரை எண்ணியது ஞாபகம்.