தரையின் மறுபக்கம்

பாயா தெருபோங்கில் எங்கள் லிஃப்ட்
ஏழில் நிற்கும், பத்தில் நிற்கும்.
நாங்கள் எட்டு.
இல்லாத பொத்தானைத் தேடி
ஏழுக்கும் பத்துக்கும் நடுவே
வெறும் தகரத்தை
தினம் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறாள் லோஷினி.
பிறகு ஏழில் இறங்கி ஏறுகிறோம்.
இடுப்பில் யுகேன்,
மணிக்கட்டை அறுக்கும் காய்கறிப் பை,
பின்னால் எண்ணிக்கொண்டே வரும் அவள்.
பதினாறு படி.
குளுவாங் வீட்டில் படியே இல்லை.

வந்த வாரம்
‘சமையல்’ என்று எழுதிய பெட்டியில்
சட்டைகள் இருந்தன.
பால்மாவு அளக்கும் கரண்டியால்
குழம்பு கிண்டினேன்.
கோகிலனுக்கு இரவு வேலை.
காலை எட்டுக்குத் தொழிற்சாலைப் பேருந்து
அவரைத் துப்பிவிட்டுப் போகும்.
போர்வை தொங்கும் ஜன்னலுக்குள்
அவர் தூங்கி எழும்வரை
பிள்ளைகள் ஊமைப்படம்.
சத்தமில்லாமல் கிள்ளிக்கொள்ளவும்
சத்தமில்லாமல் அழவும்
ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள்.

அவர் கிளம்பியதும் அணை உடையும்.
அறையிலிருந்து அடுப்படிக்குப் பதினோரு அடி;
அதற்குள் குதிரை ஓடும், லாரி ஓடும்,
தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லாமல்
சுவரில் மோதும்.

கீழ்வீட்டுக்காரர்
ஆயர் ஈத்தாம் சந்தையில் மீன் உருண்டை விற்பவர்.
விடிகாலை மூன்றுக்கு எழ
இரவு எட்டுக்கே படுக்க வேண்டியவர்.
இதெல்லாம் பிறகு தெரிந்தது.
முதலில் தெரிந்தது
அவருடைய துடைப்பக்கட்டை.

டொக். டொக். டொக்.
என் பாதத்துக்கு நேர் கீழே.

லோஷினி மண்டியிட்டுத்
தரையில் காது வைத்தாள்.
“அம்மா, கீழ யாரோ நம்மள கூப்பிடுறாங்க.”
நான் பிடிப்பதற்குள்
குதிகாலால் மூன்று பதில் சொன்னாள்.
அதன்பின் கீழே ஒன்றுமில்லை.
அது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள்
துண்டு துண்டாகப் பொருத்தும் ரப்பர் பாய் வாங்கினேன்.
நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை.
படியில் பார்த்தபோது
எனக்கு வந்த மலாயில் மன்னிப்புக் கேட்டேன்.
தலையை ஆட்டினார்.
சரி என்றா, இனி வேண்டாம் என்றா?
ஊர் புதிது.
இங்குள்ள தலையாட்டல்கள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எட்டு மணியானால்
என் வீட்டில் நானே திருடி மாதிரி நடந்தேன்.
யுகேன் தெளிவாகச் சொன்ன முதல் சொல்
“மெதுவா.”
அதை அவன் கத்தித்தான் சொல்வான்.

நாத்தனார் கல்யாணத்துக்கு
நான்கு நாள் குளுவாங் போனோம்.
எங்கள் பழைய வாசலில்
வேறு யாருடைய சைக்கிளோ சாய்ந்திருந்தது.
லோஷினி பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

லீவு ஒரு நாள்தான் என்று
கோகிலன் முன்னமே திரும்பியிருந்தார்.
நானும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தபோது
மணி ஒன்பதரை; அவர் வேலையில்.
தூக்கத்திலேயே ஏறினாள் லோஷினி,
முதல் முறையாகப் படியை எண்ணாமல்.
இரும்புக் கதவு மட்டும்
ஒருமுறை கிறீச்சிட்டது.
இருவரையும் கிடத்தினேன்.
விளக்குப் போடவில்லை.
குழாயைக்கூடத் திறக்கவில்லை.

டொக்.

நின்றேன்.
மூன்று இல்லை, ஒன்று.
கோபத்துக்கு அது போதாது.
கொஞ்சம் பொறுத்து,
கொஞ்சம் தள்ளி,
இன்னொன்று.
இந்நேரம் அவர் தூங்கியிருக்க வேண்டும்.

குனிந்து
பாயில் ஒரு துண்டைக் கழற்றினேன்.
வெறும் சிமெண்டு சில்லென்றிருந்தது.
குதிகாலை ஊன்றி
மூன்று தட்டு தட்டினேன்.

கீழே ஒரு கட்டில் கிறீச்சிட்டு அடங்கியது.

கழற்றிய துண்டைத் திரும்பப் பொருத்த மறந்துவிட்டேன்.
காலையில் யுகேன்
அந்தச் சதுரக் குழிக்குள் உட்கார்ந்து
பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.