பிசிறு: ஏழாம் இதழின் கணக்கு

நான் எழுதுகிறவள் இல்லை,
கணக்கு எழுதுகிறவள்.
ரொசாரியோ துறைமுகத்துத் தானியக் கிடங்கில்
பகலெல்லாம் சோயாவை டன் டன்னாக எழுதிவிட்டு
இரவில் ஏழு பெண்கள் நடத்தும் பத்திரிகைக்குச்
சல்லி சல்லியாக எழுதினேன்.

பத்திரிகையின் பெயர் பிசிறு.
தைத்த ஓரத்தில் அடங்காமல் தொங்குமே, அது.
எங்கள் ஊரில் ஒருத்தியின் சாயம் வெளுத்தால்
'பிசிறு தெரிஞ்சுபோச்சு' என்பார்கள்.
தெரியட்டும் என்றாள் நேலிடா.
பெயர் வைத்த செலவு: ஒன்றுமில்லை.

எண்பத்தொன்பது, ஜூலை. விரல் விறைக்கும் குளிர்.
காகிதம் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை.
மாலையில் கடைக்காரர் விலை சொல்லவே மறுத்தார்.
பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே
அவர் செருப்பு மட்டும் தெரிந்தது.
சம்பளம் வாங்கிய கையோடு ஊரே ஓடிப்போய்
எண்ணெய் வாங்கிய நாட்களில்
நாங்கள் ஓடிப்போய்க் காகிதம் வாங்கினோம்.
வீட்டில் எண்ணெய் இல்லை. அதையும் குறித்திருக்கிறேன்.

அட்டையில் விலைக்கு இடம் விட்டோம்,
விற்கும் நிமிடத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ள.

அட்டைப்படம் டெல்மினா லினோலியத்தில் செதுக்கியது:
ஒரு வயிறு. குறுக்கே அறுவைத் தழும்பு.
அச்சகத்தார் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.
'உள்ளே என்ன வேண்டுமானாலும் போடுங்கள்,
இது மட்டும் என் மிஷினில் ஏறாது.'
மூன்று பிள்ளைகளின் அப்பா.
மூன்றும் எந்த வழியாக வந்தன என்று நேலிடா கேட்டாள்.
அதோடு பேச்சு முறிந்தது.

ஓஃபேலியாவின் சமையலறை மேசையில்
பாஸ்தா உருட்டும் இயந்திரம் பூட்டியிருந்தது.
ஞாயிறுதோறும் மாவு போன வழியில்
மை பூசிய வயிறு போனது, முன்னூறு முறை.
மை குறையக் குறைய வயிறு சாம்பலாகி
தழும்பு மறையப் பார்த்தது.
இருநூறுக்கு மேல் ஒவ்வொன்றிலும் டெல்மினா
ஆணியால் அதைக் கீறிவிட்டாள்.
கிறிஸ்துமஸ் வரை அந்த வீட்டு ரவியோலியில்
மண்ணெண்ணெய் வாசனை.

வரவு.
சந்தா: முட்டை ஒரு டஜன். உடைந்தது இரண்டு.
சந்தா: மாத்தே இலை அரைக் கிலோ.
சந்தா: பல் மருத்துவர் ஒருத்தி,
பணம் இல்லையாம், ஆசிரியர் குழுவில் யாருக்காவது
ஒரு பல் பிடுங்கித் தருவாளாம்.
சுலேமா போய்வந்தாள்.
கன்னம் வீங்கியிருந்தாலும் வரவில்தான் எழுதினேன்.

செலவு.
தபால்தலை. திரும்பி வந்தவை பதினொன்று.
'பெறுபவர் மறுத்துவிட்டார்.'
பெறுபவளின் கையெழுத்து எனக்குத் தெரியும்,
சந்தாப் படிவத்தில் பார்த்திருக்கிறேன்.
இது அந்தக் கை இல்லை.

பிறகு, சான் லொரென்சோவிலிருந்து ஒரு பொட்டலம்.
அனுப்பியவள் பெயர் இல்லை.
உள்ளே எங்கள் இதழ், பிரதி எண் நூற்று நாற்பத்து மூன்று.
'வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. படித்துவிட்டேன்.
வேறொருத்திக்குக் கொடுங்கள்.
முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தியிருக்கிறேன்.'

முப்பத்தொன்று, சுலேமாவின் கவிதை.
'என் மௌனம் ஒரு மாநதி' என்று அச்சாகியிருந்தது.
அதை அடித்துவிட்டு, மேலே, பென்சிலில்:
'நதியெல்லாம் இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர்.
அதுவும் பரானாவுக்குத்தான் போகிறது.'

சுலேமா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.
பல்வலி என்று நினைத்துக்கொண்டோம்.
மூன்றாம் நாள் வந்து
'நாசமாய்ப் போக, அவள் சொன்னதுதான் சரி' என்றாள்.
எட்டாம் இதழில் அந்த வரியே வந்தது,
பெயர் போடும் இடம்
விலையைப் போல வெறுமையாக.

பிரதியை வேறொருத்திக்கு அனுப்பினேன்.
வசந்தத்தில் அதுவும் திரும்பியது:
அட்டையில் எண்ணெய்க் கறை,
தழும்பின் மேல் ஒரு குழந்தை வரைந்த குதிரை,
முப்பத்தொன்றில், பென்சிலுக்குக் கீழே, நீலப் பேனாவில்:
'எங்கள் தெருவில் சாக்கடை கிடையாது.
கழுவிய தண்ணீர் எங்கேயும் போவதில்லை, வாசலிலேயே நிற்கிறது.'

நூற்று நாற்பத்து மூன்றுக்கு நேரே
வரவா செலவா, இன்னும் எழுதவில்லை.
சுலேமாவிடம் காட்டவும் இல்லை.
இன்று காலை தபால்தலை மறுபடி ஏறியிருக்கிறது.
ஒட்டினேன்.